கல்லீரல் விறைப்பு எண் தடுமாறினால் எங்கே தேடுவது?

ஒரே மனிதர், ஒரே கல்லீரல், ஒரே எந்திரம். காலை ஒன்பதரைக்கு எடுத்தபோது 9.3 கிலோபாஸ்கல். பகல் இரண்டு மணிக்கு எடுத்தபோது 7.1. இடைப்பட்ட நேரத்தில் அவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. முதல் எண்ணை அப்படியே ரிப்போர்ட்டில் ஏற்றியிருந்தால், முற்றிய கல்லீரல் நோயாக இருக்கலாம் என்ற சந்தேகத்தைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கல்லீரலில் வடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அதன் விறைப்பை வைத்துக் கணிக்கும் மீயொலி (அல்ட்ராசவுண்ட்) ஸ்கேன் இது; விறைப்பின் அலகுதான் கிலோபாஸ்கல். இந்த ஸ்கேனில் உள்ள தொல்லை, எந்திரம் பெரும்பாலும் ஏதாவது ஓர் எண்ணைக் கொடுத்துவிடும் என்பதுதான். தசமப் புள்ளியோடு வரும் எண்ணுக்கு ஒரு மிடுக்கு உண்டு; யாரும் அதை எதிர்க்கேள்வி கேட்பதில்லை. உண்மையில் எந்திரம் விறைப்பை அளப்பதே இல்லை. அது அளப்பது நேரத்தை. மீதியெல்லாம் கணக்கு.

எந்திரம் செய்யும் மூன்று வேலைகள்

தள்ளுவது, ஓடவிடுவது, துரத்திப் பிடிப்பது. இந்த மூன்றில் எது கெட்டது என்று கண்டுபிடித்துவிட்டால் பிழை பாதி தீர்ந்தது.

மீயொலி திசுவுக்குள் போகும்போது உறிஞ்சப்படுகிறது. உறிஞ்சப்படும் ஒலி தன் உந்தத்தைத் திசுவிடம் இறக்கிவைக்கிறது. அதனால் ஒலி போகும் திசையில் திசு சற்றே தள்ளப்படுகிறது. இதற்கு ஒலிக் கதிர்வீச்சு விசை என்று பெயர். (கதிர்வீச்சு என்ற சொல்லை நோயாளியின் காதுபட உச்சரிக்காதீர்கள். எக்ஸ்ரே என்று நினைத்துக்கொண்டு கட்டிலை விட்டு எழுந்தவர்கள் உண்டு. எக்ஸ்ரேக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.) படம் எடுக்க அனுப்பும் ஒலித் துடிப்பு ஏறக்குறைய ஒரு மைக்ரோநொடிதான் நீடிக்கும். தள்ளுவதற்கான துடிப்போ நூற்றுக்கணக்கான மைக்ரோநொடி நீள்கிறது. அவ்வளவு நேரம் தள்ளியும் திசு நகர்வது சில மைக்ரோமீட்டர். தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, பல நேரம் அதற்கும் குறைவு.

தள்ளப்பட்ட திசு பழைய இடத்துக்குத் திரும்பும்போது, கயிற்றின் ஒரு முனையை உதறினால் அலை ஓடுவதுபோல, பக்கவாட்டில் ஓர் அலை ஓடுகிறது. இதுதான் ஷியர் அலை. மீயொலி திசுவில் நொடிக்கு ஏறக்குறைய 1,540 மீட்டர் பாய்கிறது; ஷியர் அலையோ மனிதன் நடக்கும் வேகத்தில் போகிறது. நலமான கல்லீரலில் நொடிக்கு 1.2 மீட்டர் அளவு, சிரோசிஸ் வந்த, அதாவது வடு முற்றி இறுகிய கல்லீரலில் 2 மீட்டருக்கு மேல். இந்த வேக வித்தியாசத்தால்தான், மெல்ல ஓடும் அலையை வேகமாக ஓடும் ஒலியால் துரத்திப் படம்பிடிக்க முடிகிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை பார்த்து, அலை ஒரு புள்ளியைக் கடந்த நேரத்தையும் அடுத்த புள்ளியைக் கடந்த நேரத்தையும் எந்திரம் குறிக்கிறது.

கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். 5 மில்லிமீட்டர் தூரத்தை, 1.2 மீட்டர் வேக அலை 4.2 மில்லிநொடியில் கடக்கும். 2 மீட்டர் வேக அலைக்கு 2.5 மில்லிநொடி போதும். நலமான கல்லீரலுக்கும் சிரோசிஸுக்கும் நடுவே நிற்பது 1.7 மில்லிநொடி. இருமினால் போய்விடக்கூடிய இடைவெளி அது.

வேகம் கிடைத்ததும் அதை வர்க்கப்படுத்தி 3-ஆல் பெருக்கினால் கிலோபாஸ்கல் வந்துவிடும். 1.5 மீட்டர் என்றால் 6.75. வர்க்கம் என்பதை மறக்க வேண்டாம்: வேகத்தில் 10 சதவீதம் பிழை வந்தால் கிலோபாஸ்கலில் அது 21 சதவீதமாகப் பெருகி நிற்கும். திசு எல்லாத் திசையிலும் ஒரே தன்மை உடையது, பாகுத்தன்மை அற்றது, எல்லையற்றுப் பரந்தது என்று வைத்துக்கொண்டுதான் இந்தப் பெருக்கல் நடக்கிறது. எந்தக் கல்லீரலும் அப்படி இல்லை. ஆனாலும் கல்லீரலில் கணக்கு ஓரளவு ஓடுகிறது; தசையில் ஓடாது.

கதிர்வீச்சு விசையால் ஷியர் அலையை எழுப்பித் திசுவை அளக்கலாம் என்பதை ஆர்மென் சர்வாஸ்யானும் அவருடன் பணியாற்றியவர்களும் 1998-இல் முன்வைத்தார்கள். டியூக் பல்கலைக்கழகத்தில் கேத்தி நைட்டிங்கேலின் குழு அதை மனித உடலுக்குக் கொண்டுவந்தது. பாரிஸில் பெர்காஃப், டான்டர், ஃபிங்க் ஆகியோர் 2004-இல் காட்டிய முறை, தள்ளும் குவியத்தை ஷியர் அலையைவிட வேகமாகக் கீழே கீழே நகர்த்தி, ஒலியை மிஞ்சிய விமானம் எழுப்பும் கூம்பு அலையைப் போன்ற ஒன்றைத் திசுவுக்குள் உண்டாக்கியது. இன்று திரையில் படத்தின்மேல் நாம் வைக்கும் ஒரு சிறு பெட்டிக்குள் ஒற்றை எண் தரும் எந்திரமும், வண்ண வரைபடம் தரும் எந்திரமும் இந்தக் கிளைகளில்தான் காய்த்தவை.

அறிகுறி: எண்ணே வரவில்லை, அல்லது பெட்டி வெறுமையாக இருக்கிறது

உடனே அளவு பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பாருங்கள். படம் மங்கலாக இருக்கும் இடத்தில் அளவு தெளிவாக வராது. தள்ளும் ஒலியும் துரத்தும் ஒலியும் அதே பாதையில்தான் போக வேண்டும். விலா எலும்பின் நிழல் பெட்டிக்குக் குறுக்கே விழுகிறதா? மூச்சோடு நுரையீரல் ஓரம் இறங்கி மறைக்கிறதா? புரோப்பின் (உடல்மேல் வைக்கும் ஸ்கேன் கைப்பிடி) ஒரு முனை தோலைத் தொடாமல் தூக்கிக்கொண்டிருக்கிறதா? மெலிந்தவர்களுக்கு விலா இடுக்கு பள்ளமாக இருக்கும். ஜெல்லைத் தாராளமாக வைத்தாலே சிலருக்கு எண் வந்துவிடும். வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கிவைத்து, உடலைச் சற்று இடப்பக்கம் திருப்பினால் விலா இடுக்கு விரியும்.

படம் நன்றாக இருக்கிறது, எண் மட்டும் இல்லை என்றால் ஆழத்தைப் பாருங்கள். திசுவில் ஒலி ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும், ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் ஏறக்குறைய 0.5 டெசிபெல் மெலிகிறது. 3 மெகாஹெர்ட்ஸில் 4 சென்டிமீட்டர் போனால் 6 டெசிபெல், அதாவது செறிவு நான்கில் ஒரு பங்கு. 6 சென்டிமீட்டர் போனால் எட்டில் ஒரு பங்கு. தள்ளும் விசை செறிவைப் பொறுத்தது என்பதால், இரண்டே சென்டிமீட்டர் கீழே இறங்கியதில் தள்ளு பாதியாகிவிட்டது. கல்லீரல் புரோப்புகளில் தள்ளு நன்றாக எடுபடுவது 4 முதல் 4.5 சென்டிமீட்டர் ஆழத்தில், 6.5-க்குக் கீழே நான் பெட்டியை வைப்பதில்லை. கொழுப்புக் கல்லீரல் ஒலியை இன்னும் கூடுதலாக விழுங்கும். பருமனானவர்களுக்குத் தோலிலிருந்து கல்லீரல் உறைக்கே மூன்று சென்டிமீட்டர் ஆகிவிடுவதுண்டு. அப்போது வேறு விலா இடுக்கைத் தேடுவதுதான் வழி. பெட்டியை இன்னும் ஆழத்துக்கு இறக்குவது வழியல்ல.

தள்ளும் சக்தியைக் கூட்டிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: கூட்ட முடியாது. மீயொலியின் இயந்திரக் குறியீடு (ஒலி அழுத்தம் திசுவைக் கெடுக்கும் வாய்ப்பைக் காட்டும் எண்) 1.9-ஐத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. வகுத்த வரம்பு, பெரும்பாலான எந்திரங்கள் அதை ஒட்டியே வடிவமைக்கப்படுகின்றன. ஒரு முறை தள்ளிய பிறகு எந்திரம் சில நொடி கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் இதன் தம்பிதான். புரோப்பின் முகமும் திசுவும் சூடேறாமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும். எந்திரம் தொங்கிவிட்டது என்று நினைத்து அணைத்துப் போடாதீர்கள்.

இனி, வெறுமையே சரியான விடையாக இருக்கும் இடம். நீர்ப்பொருளில் ஷியர் அலை ஓடாது. நீர்க்கட்டியின் மேலோ பித்தப்பையின் மேலோ பெட்டியை வைத்தால் எண் வரக்கூடாது; வந்தால் அந்த எண்தான் பிழை. இதிலிருந்து ஒரு நல்ல செய்தியும் கிடைக்கிறது. வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு, கல்லீரல் விறைப்பை அளக்கும் இன்னொரு கருவியான ஃபைப்ரோஸ்கேன் வேலை செய்யாது, ஏனென்றால் அதில் தோலின்மேல் தட்டி எழுப்பும் அலை நீரைக் கடந்து கல்லீரலை எட்ட வேண்டும். கதிர்வீச்சு விசை முறையில் அலை கல்லீரலுக்கு உள்ளேயே பிறக்கிறது. நீரைக் கடந்து போவது மீயொலி மட்டுமே. அதற்கு நீர் தடையில்லை. ஆகவே நீர் கோத்த வயிறு என்பதற்காக முயற்சியைக் கைவிட வேண்டாம். ஆழம் கூடிவிடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

வெறுமைக்கு நான்காவது காரணமும் உண்டு. அது கல்லீரலைவிட மார்பகத்தில்தான் அடிக்கடி வரும். மிகக் கடினமான திசு தள்ளினாலும் அசையாது. அசைவு கண்டுபிடிக்கும் அளவுக்குக் கீழே போய்விட்டால் எந்திரம் அந்த இடத்தை நிறமின்றி விட்டுவிடும். கடினமான புற்றுக்கட்டியின் நடுப்பகுதி வெறுமையாகவும் சுற்றிலும் விறைப்பைக் காட்டும் சிவப்பாகவும் தெரிவது இப்படித்தான். நிறமில்லாத இடத்தை மென்மையான இடம் என்று படித்துவிட்டால் போச்சு.

அறிகுறி: ஒவ்வொரு முறையும் வேறு எண்

ஒரு நோயாளியிடம் வரிசையாக எடுத்த பத்து அளவுகள், நொடிக்கு மீட்டரில்:

1.33, 1.28, 1.35, 1.30, 1.38, 1.24, 1.62, 1.90, 1.12, 2.31

எந்திரம் இவற்றை அடுக்கி, நடு எண்ணாக 1.34-ஐக் காட்டும். பார்க்க நன்றாகவே இருக்கிறது. சிதறலைப் பாருங்கள்: அடுக்கிய வரிசையின் கீழ்ப் பாதியின் நடு எண் 1.28, மேல் பாதியின் நடு எண் 1.62. இரண்டுக்கும் இடையே 0.34. இதைத்தான் கால்மான இடைவீச்சு என்கிறோம். 0.34-ஐ 1.34-ஆல் வகுத்தால் 25 சதவீதம்.

இங்கே பலர் சறுக்குகிறார்கள். "30 சதவீதத்துக்குள் இருந்தால் சரி" என்று எங்கோ கேட்டதை வைத்துக்கொண்டு, 25-ஐத் தேறிவிட்டதாக எண்ணிவிடுகிறார்கள். 30 என்பது கிலோபாஸ்கலுக்கான வரம்பு. மீட்டரில் பார்த்தால் வரம்பு 15. வர்க்கப்படுத்தும்போது சிதறல் ஏறக்குறைய இரட்டிப்பாவதால்தான் இரண்டு வரம்புகள். இதே பத்து எண்களைக் கிலோபாஸ்கலாக்கினால் சிதறல் 55 சதவீதம்! எந்த அலகில் பார்த்தாலும் இந்தத் தொகுப்பு தோற்றதுதான்.

ஆனால் தோற்றது என்று தூக்கி எறிவதற்கு முன், எடுத்த வரிசையில் இன்னொரு முறை படியுங்கள். முதல் ஆறு அளவுகள் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பிகள். ஏழாவதிலிருந்துதான் குளறுபடி. கல்லீரல் நடுவில் மாறவில்லை, நோயாளி களைத்துவிட்டார். அல்லது என் கை நகர்ந்துவிட்டது. அடுக்கிய பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. அவரை இரண்டு நிமிடம் சும்மா மூச்சுவிடச் சொல்லிவிட்டு, கடைசி நான்கை மீண்டும் எடுப்பதுதான் நியாயம். பிடிக்காத எண்களை மட்டும் பொறுக்கி நீக்கிவிட்டு நடு எண்ணைக் காப்பாற்றுவது நியாயமல்ல. ஓர் அளவை நீக்க வேண்டுமானால் அதற்கான காரணம் படத்தில் தெரிய வேண்டும்: பெட்டிக்குள் ரத்தக் குழாய் புகுந்துவிட்டது, மூச்சு அசைந்தது, இப்படி.

மூச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்மூரில் ஒருவரிடம் "மூச்சை நிறுத்துங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு, அப்புறம் நிறுத்துவார். எக்ஸ்ரே அறையில் பழகியது அது. ஆழமாக இழுத்துப் பிடித்தால் கல்லீரல் சிரைகளில் அழுத்தம் கூடி, எண் உயரும்; கல்லீரலும் கீழே இறங்கிவிடும். நான் சொல்வது இது: "அம்மா, நீங்கள் பாட்டுக்குச் சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருங்கள். நான் சொன்னதும் எந்த இடத்தில் இருக்கிறதோ அப்படியே நின்றுவிடுங்கள். இழுக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம்." ஒரு முறை அளக்காமலேயே ஒத்திகை பார்த்துக்கொள்வேன். அந்த அரை நிமிடம் பின்னால் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தும்.

எந்தப் பகுதியில் அளக்கிறீர்கள் என்பதும் சிதறலுக்குக் காரணமாகும். கல்லீரலின் இடப்பக்க மடல் இதயத்துக்கு அடியிலேயே கிடக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் குலுங்கும். சில மைக்ரோமீட்டர் அசைவைத் தேடும்போது இதயம் மில்லிமீட்டர் கணக்கில் உதறினால் என்ன கிடைக்கும்? வலப்பக்க மடலில், விலா இடுக்கு வழியாக, உறைக்குச் செங்குத்தாக அளப்பதே வழக்கம்.

ஒற்றை எண் தரும் முறையில் பத்து அளவு எடுப்பது வழக்கம். வண்ண வரைபட முறையில், அளவு எவ்வளவு நம்பத்தக்கது என்று சொல்லும் தரக் குறியீட்டையும் எந்திரம் காட்டுமானால், ஐந்து போதும்.

அறிகுறி: எண்கள் ஒத்துப்போகின்றன, ஆனால் எல்லாமே உயர்ந்து நிற்கின்றன

எனக்கு அச்சம் தருவது இதுதான். சிதறல் 8 சதவீதம், படம் கண்ணாடி போல, எந்திரம் பச்சை விளக்குக் காட்டுகிறது, எண் தவறு. சிதறல் குறைவு என்பது நீங்கள் ஒன்றையே திரும்பத் திரும்ப அளந்தீர்கள் என்பதற்குத்தான் சான்று. அந்த ஒன்று வடுத்திசுதான் என்பதற்குச் சான்று அல்ல. இங்கே மூன்று வேலைகளில் எதுவும் கெடவில்லை. அலை உண்மையிலேயே வேகமாக ஓடுகிறது. ஏன் ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் சாப்பாடு. தொடக்கத்தில் சொன்ன மனிதரிடம் வந்ததும் கேட்டிருந்தேன், "சாப்பிட்டீர்களா?" என்று. "இல்லை, டாக்டர்" என்றார். பொய் சொல்லவில்லை. 9.3-ஐப் பார்த்துவிட்டு மீண்டும் துருவியபோது, "சாப்பிடவில்லை சார், இரண்டு இட்லி மட்டும்தான். அப்புறம் ஒரு காபி" என்றார். இட்லியைச் சாப்பாட்டில் சேர்க்காத ஊரில் கேள்வியைத்தான் மாற்ற வேண்டும். இப்போது நான் கேட்பது: "கடைசியாக வாயில் என்ன போட்டீர்கள், எத்தனை மணிக்கு?" உணவு உண்டதும் குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. உறைக்குள் அடைபட்ட உறுப்பு. ரத்தம் கூடினால் விறைக்கும். குறைந்தது நான்கு மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். அவரை அதனால்தான் பெஞ்சில் உட்காரவைத்தேன்.

அடுத்தது கல்லீரல் அழற்சி. மஞ்சள் காமாலைக் காலத்தில் அளந்தால் வீக்கத்தைத்தான் அளக்கிறீர்கள், வடுவை அல்ல. எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதி இயல்பு வரம்பைவிட ஐந்து மடங்குக்கு மேல் இருந்தால் எண்ணை வைத்து வடுவைப் பற்றி எதுவும் பேசாதீர்கள். தணிந்த பிறகு வரச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனைத் தாளைக் கேட்டு வாங்காமல் ஸ்கேன் ரிப்போர்ட் எழுதுவது கண்ணைக் கட்டிக்கொண்டு எழுதுவதுதான்.

பித்தநாளம் அடைபட்டிருந்தாலும் எண் ஏறும். இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்து, ரத்தம் கல்லீரலில் தேங்கினாலும் ஏறும். இந்த இரண்டையும் கண்டுபிடிக்க வேறு எங்கும் போக வேண்டாம். கையில் இருப்பதே ஸ்கேன் புரோப்தான். பித்தநாளங்கள் விரிந்திருக்கின்றனவா, கல்லீரல் சிரைகளும் கீழ்ப்பெருஞ்சிரையும் புடைத்து, மூச்சுக்கு ஏற்பச் சுருங்காமல் நிற்கின்றனவா என்று ஒரு நிமிடம் பார்த்தால் போதும். எண்ணில் மயங்கிப் படத்தைப் பார்க்க மறந்துவிடுவதுதான் இந்தத் துறையில் நான் கண்ட வினோதம்.

இவை எதுவும் இல்லை என்றால் பெட்டி உறைக்கு மிக அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். உறைக்கு அடியில் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை நம்பத்தகாத நிலம். உறையிலும் வயிற்றுச் சுவரிலும் பட்டுத் திரும்பத் திரும்ப எதிரொலிக்கும் ஒலி அங்கே கலந்துகிடக்கும். உறையை ஒட்டி இயல்பாகவே நார்த்திசுவும் கூடுதல்.

புரோப்பை அழுத்துவதைப் பற்றிக் கல்லீரலில் அவ்வளவு கவலை இல்லை, விலா எலும்புகள் தாங்கிக்கொள்ளும். தைராய்டும் மார்பகமும் அப்படியல்ல. அங்கே சற்றே அழுத்தினாலும் திசு இறுகி எண் ஏறும். ஜெல்லை மேடாக வைத்து, புரோப் அதன்மேல் மிதக்கும்படி பிடிக்க வேண்டும். கையின் கனமே கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வண்ண வரைபடத்தில் பட்டை பட்டையாகத் தெரிகிறது

மேல் விளிம்பில் கிடைமட்டமாகச் சிவப்புப் பட்டை என்றால் அது மேலே சொன்ன எதிரொலிப்பு. பெட்டியைக் கீழே இறக்குங்கள். செங்குத்துப் பட்டை என்றால் விலா நிழலைத் தேடுங்கள். குழாய்ச் சுவரின் பக்கத்தில் திட்டாக நிறம் மாறினால், ஷியர் அலை அந்தச் சுவரில் பட்டுத் திரும்பியிருக்கும். போகும் அலையும் வரும் அலையும் மோதும் இடத்தில் கடந்த நேரம் குழம்பிவிடும். எதிர்த்திசையில் வரும் அலையை வடிகட்டும் வசதி எந்திரங்களுக்குள் உண்டு, ஆனால் சாய்வாக வருவது முழுவதும் வடிகட்டப்படாது. தர வரைபடம் இருந்தால் அதை எப்போதும் பக்கத்தில் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். அழகான ஒரே சீரான நிறம் கிடைக்கும்வரை காத்திருந்து, மூன்று நான்கு நொடி படம் நிலைத்த பிறகு உறையவையுங்கள்.

அறிகுறி: புரோப்பைத் திருப்பினால் எண் மாறுகிறது

தசையில் என்றால் இது பிழையே இல்லை. தசை நார்கள் ஓடும் திசையில் ஷியர் அலை வேகமாகவும், குறுக்கே மெதுவாகவும் ஓடும். வாழைத்தண்டை நீளவாட்டில் கிழிப்பதற்கும் குறுக்கே கிழிப்பதற்கும் உள்ள வேறுபாடு கைக்குத் தெரியும் அல்லவா, அதைப்போல. எந்தத் திசையில் அளந்தீர்கள், மூட்டு மடங்கியிருந்ததா நீட்டியிருந்ததா என்று எழுதாத தசை எண்ணுக்குப் பொருள் இல்லை. இழுபட்ட தசையும் விறைப்பாகத்தான் காட்டும். சிறுநீரகத்துக்கும் இந்தத் திசைத் தொல்லை உண்டு.

அறிகுறி: வேறோர் இடத்தில் எடுத்த எண்ணோடு ஒத்துப்போகவில்லை

நோயாளி இரண்டு தாள்களை மேசையில் வைத்து, "எது டாக்டர் சரி?" என்பார். இரண்டும் சரியாக இருக்கலாம். முதலில் அலகைப் பாருங்கள். ஒன்று மீட்டரிலும் மற்றது கிலோபாஸ்கலிலும் இருக்கும். வர்க்கப்படுத்தி 3-ஆல் பெருக்கும் கணக்கைப் போட்டால் சண்டை தீர்ந்துவிடும். இரண்டும் கிலோபாஸ்கல்தான் என்றாலும் ஒன்று யங் குணகமாகவும் மற்றது விறைப்புக் குணகமாகவும் (ஷியர் மாடுலஸ்) இருக்கலாம். முன்னது பின்னதைப்போல மூன்று மடங்கு. எம்.ஆர்.ஐ. எந்திரத்தில் விறைப்பை அளக்கும் எம்.ஆர். எலாஸ்டோகிராஃபி தருவது பின்னதை; அதன் 3 கிலோபாஸ்கலைப் பார்த்து "அடடா, நன்றாகக் குறைந்துவிட்டது" என்று மகிழ்ந்தவரை எனக்குத் தெரியும்.

அலகு ஒன்றேயானாலும் அதிர்வெண் வேறு. ஃபைப்ரோஸ்கேன் தோலின்மேல் 50 ஹெர்ட்ஸில் தட்டுகிறது. கதிர்வீச்சு விசை எழுப்பும் அலையில் நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை கலந்திருக்கும். கல்லீரலுக்குப் பாகுத்தன்மை உண்டு. அதில் அதிர்வெண் கூடிய அலை சற்று வேகமாக ஓடும். எந்த நிறுவனத்தின் எந்திரம் எந்த அதிர்வெண்ணுக்கு முதலிடம் கொடுக்கிறது, அலை வந்த நேரத்தை எப்படிக் கணிக்கிறது என்பதெல்லாம் மாறும். ஆகவே வரம்புகளும் முறைக்கு முறை வேறு. அமெரிக்காவின் அல்ட்ராசவுண்ட் கதிரியலாளர் சங்கம் 2020-இல் கதிர்வீச்சு விசை முறைகளுக்கு வகுத்த படிகள் 5, 9, 13, 17 கிலோபாஸ்கல். நான்கு நான்காக ஏறும். 5 வரை இயல்பு. 9-க்குக் கீழே, வேறு அறிகுறி இல்லையென்றால், முற்றிய நோய் இல்லை எனலாம். 9 முதல் 13 வரை சந்தேகம். வேறு சோதனை தேவை. 13-க்கு மேல் முற்றிய நோய். 17-க்கு மேல் போர்ட்டல் சிரையில் அழுத்தம் கூடியிருக்கக்கூடும். ஃபைப்ரோஸ்கேனுக்குப் பவேனோ மாநாட்டார் (போர்ட்டல் சிரை அழுத்தத்தைப் பற்றிக் கூடும் வல்லுநர்கள்) சொல்லும் படிகளோ 10, 15, 20, 25. ஒரு ஏணியின் எண்ணை மற்ற ஏணியில் வைத்துப் படித்தால் ஆளையே மாற்றிவிடும். தொடர்ந்து கண்காணிக்க வேண்டியவரை ஒரே எந்திரத்தில் பார்ப்பதே மேல்.

அறிகுறி: ஒரு வாரமாக எல்லா நோயாளிக்கும் சரியாக வரவில்லை

இப்போது எந்திரத்தைச் சந்தேகிக்கலாம். அதற்கு முன் அல்ல. விறைப்பு தெரிந்த மாதிரித் திசு ஒன்று, ஃபேன்டம் என்பார்கள், கையில் இருந்தால் வேலை எளிது. அறை வெப்பத்தில் சில மணி நேரம் வைத்திருந்து, எப்போதும் அளக்கும் அதே ஆழத்தில் பத்து முறை எடுங்கள். பழைய குறிப்பேட்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்போனால் எந்திரம் நிரபராதி. வேறுபட்டால், இடையில் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டதா என்று முதலில் விசாரியுங்கள்.

ஃபேன்டம் இல்லாதவர்களுக்கு ஒரு நாட்டு வைத்தியம். புரோப்பைத் துடைத்து, ஜெல் இல்லாமல், காற்றில் பிடித்துத் திரையைப் பாருங்கள். மேலே சில கோடுகள் இடமிருந்து வலமாக ஒரே சீராகத் தெரிய வேண்டும். ஓரிடத்தில் கோடு அறுந்து, கறுப்பாகக் கீழிறங்கினால் அங்கே புரோப்பின் படிகங்கள் செத்துப்போயிருக்கின்றன. சாதாரணப் படத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. பக்கத்துப் படிகங்கள் ஈடுகட்டிவிடும். தள்ளுவதற்கோ குவியத்தில் எல்லாப் படிகங்களின் சக்தியும் தேவை. எங்கள் அறையில் ஒருமுறை இப்படித்தான் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். காற்றில் பிடித்துப் பார்த்தபோது நடுவில் விரல் அகலத்துக்குக் கறுப்பு. புரோப் கீழே விழுந்ததை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

எதற்கும் மசியவில்லை என்றால்

"அளவு எடுக்க இயலவில்லை" என்று எழுதுங்கள். அதுவும் ஒரு முடிவுதான். ஏன் இயலவில்லை என்பதைச் சேர்த்து எழுதுங்கள்: தோலிலிருந்து உறைவரை எத்தனை சென்டிமீட்டர், எத்தனை முறை முயன்றீர்கள், சிதறல் எவ்வளவு, எத்தனை மணி நேரம் வெறும் வயிறு. அனுப்பிய மருத்துவருக்கு வேறு வழிகள் இருக்கின்றன. வயது, இரண்டு கல்லீரல் நொதிகள், தட்டணு எண்ணிக்கை ஆகிய நான்கை வைத்துப் போடும் ஃபிப்-4 கணக்குக்குச் செலவு மிகக் குறைவு. கையில் பணமும் அருகில் வசதியும் இருந்தால், 1995-இல் மேயோ கிளினிக்கில் முத்துப்பிள்ளையும் உடன் பணியாற்றியவர்களும் முதன்முதலில் காட்டிய எம்.ஆர். எலாஸ்டோகிராஃபி இருக்கிறது, அதற்கு உடல் பருமன் இவ்வளவு பெரிய தடையல்ல. அந்தத் தாள் திரும்ப உங்கள் மேசைக்கு வரும்போது, அதிலுள்ள கிலோபாஸ்கல் எந்தக் குணகம் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.